மாமியின் இடது தோள்

என் முதுகு உடைந்ததற்கு நான் யாரையும் குறை சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். எல்லோரையும் சொல்கிறேன். முதலில் என் கணவர் சுதேஷை, அப்புறம் அவருடைய அம்மா இராஜேஸ்வரியை, அதாவது என் மாமியை. கடைசியில் என்னையும்.

மாமிக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துபோனது. பேச்சு கொஞ்சம் குழறியது, ஆனால் திட்டுவதற்கு அது ஒரு தடையாக இருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, இனி யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவே இல்லை. வந்த சொந்தக்காரர்கள் தேநீர் குடித்தார்கள், என்னைப் பார்த்துப் பாவம் என்றார்கள், படியிறங்கிப் போய்விட்டார்கள். அதோடு எல்லாம் முடிவாகிவிட்டது. சுதேஷ் அன்று பின்னேரமே கடையைத் திறக்கப் போனார்.

நான் மாநகர சபையில் இலிகிதர். முறைப்பாட்டுப் பிரிவு. குப்பை வண்டி வரவில்லை, தெரு நாய் கடித்துவிட்டது, பக்கத்து வீட்டுக்காரன் கழிவுநீர்க் கானை அடைத்துச் சுவர் எழுப்புகிறான் என்று கண்டிச் சனம் முழுவதும் என் மேசைக்கு வந்து கத்தும். நானும் மூன்று மொழியில் பதிலுக்குக் கத்துவேன். அந்த வேலை எனக்கு உயிர். சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு, அந்தக் கத்தலுக்குக்கூட ஏங்கத் தொடங்கிவிட்டேன்.

எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டை வீதிக்கு மேலே, சரிவில் இருக்கிறது. முன்பக்கம் படிகள், பின்பக்கம் மண் சரியாமல் கட்டிய கல் அணை. மாமியின் அறை பின்பக்கம். ஜன்னலைத் திறந்தால் பாசி பிடித்த கல்தான் தெரியும். நான் நாள் முழுவதும் அந்தக் கல்லைப் பார்த்தபடி மாமியைக் கட்டிலிலிருந்து கதிரைக்கும், கதிரையிலிருந்து குளியலறைக்கும், திரும்பக் கட்டிலுக்கும் தூக்கினேன். மாமி நல்ல கனமான மனுஷி. என்னையோ என் அம்மா ஒட்டடைக் கம்பு என்றுதான் கூப்பிடுவார்.

சுதேஷ் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார். கியர் பெட்டியை ஒற்றை ஆளாகத் தூக்கி லொறியில் வைப்பார். ஆனால் அம்மாவைத் தூக்கமாட்டார். இது சோம்பல் இல்லை. அவர்கள் வீட்டு ஆண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தைப்பொங்கலுக்கும் சித்திரைப் புதுவருடத்துக்கும் அம்மாவின் காலில் விழுந்து கும்பிடுவார்கள். அதோடு சரி. மீசை முளைத்த பிறகு அம்மாவின் தோளையோ கையையோ தொடுவது மகனுக்கும் கூச்சம், அம்மாவுக்கும் கூச்சம். பொம்பளை வேலையில் கைபோடக் கூடாது என்று மாமியே சொல்லி வளர்த்த பிள்ளை அவர். கட்டிலில் விழுந்த பிறகும் மாமி அதை மாற்றிச் சொல்லவில்லை. சுதேஷ் தினமும் வாசற்படியில் நின்று, சாப்பிட்டீங்களா அம்மா என்று கேட்பார். அவருடைய கடமை அந்தக் கதவு நிலைக்கு இந்தப் பக்கத்தோடு முடிந்துவிடும்.

முதலில் காலையில் மட்டும் வலித்தது. பிறகு மாலையிலும். பிறகு எப்போது வலிக்கவில்லை என்றுதான் யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது. குனிந்தால் இடுப்பைப் பிடிக்கும், நிமிர்ந்தால் காலுக்குள் இறங்கும். சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே சாப்பிட்டேன். உட்கார்ந்தால் எழும்ப வேண்டுமே. டொக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள் என்று குளிசை தந்தார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். சுதேஷ் அதிலிருந்து "ஒன்றும் இல்லை" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார். நான் முனகினால், ஒண்ணுமில்லன்னுதானே டொக்டர் சொன்னாரு என்பார். ஒன்றுமே இல்லாத முதுகை வைத்துக்கொண்டு நான் இரண்டு மழைக்காலம் மாமியைத் தூக்கினேன்.

துஷ்யந்தியைப் பற்றிச் சொன்னது பக்கத்து வீட்டு மஸீனா ராத்தா. அவருக்குக் கழுத்து இறுகித் தலையைத் திருப்ப முடியாமல் இருந்ததாம், துஷ்யந்தி கையாலேயே இளக்கிவிட்டாராம். ஊசி இல்லை, மருந்து இல்லை. ஒஸ்டியோபதி என்று அதற்குப் பெயர். துஷ்யந்தி யாழ்ப்பாணத்துக்காரர், இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்து பேராதனை வீதியில் ஒரு மாடியறையில் பார்க்கிறார். நீ போய் வா, மாமியை நான் பாக்கன் என்று ராத்தா தைரியம் தந்தார். எண்ணெய் போடாமல் என்ன வைத்தியம் என்று சுதேஷ் கேட்டார். நம்முடைய ஊரில் உடம்பைத் தொட்டு யாராவது வைத்தியம் செய்தால் எண்ணெய் வழிய வேண்டும், எலும்பு ஒன்று படக்கென்று சத்தம் போட வேண்டும். இல்லாவிட்டால் அது ஏமாற்று.

துஷ்யந்தியின் அறையில் இரண்டும் நடக்கவில்லை. என்னை மல்லாக்கப் படுக்க வைத்தார். ஒரு கையை முதுகுக்குக் கீழேயும் ஒரு கையை விலா எலும்பின் மேலும் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். வெளியே பஸ்கள் ஹோன் அடித்தன. இவ்வளவுதானா, இதற்கா வீட்டுப் படியிறங்கி வந்தோம் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அப்போதுதான் அவர் கேட்டார்.

"நீங்கள் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறியள். எப்ப தொடக்கம்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. காரணம் கேள்வி இல்லை, அந்தக் கை. மாமி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான்தான் எல்லோரையும் தொட்டுக்கொண்டிருந்தேன். துடைப்பதும் புரட்டுவதும் தூக்குவதுமாக என் கைக்கு ஓய்வே இல்லை. என்னை ஒருவர் அவசரமில்லாமல் தொட்டு எவ்வளவு காலம் ஆகிவிட்டது என்பது அந்த மேசையில் படுத்தபோதுதான் தெரிந்தது. துஷ்யந்தி கையை எடுக்கவில்லை. அழுது முடியும் வரைக்கும் அப்படியே இருந்தார்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தடவை போனேன். அவர் இடுப்பு மூட்டை மெல்ல மெல்ல அசைத்துவிடுவார், முதுகின் இரண்டு பக்கத்துச் சதையையும் விரலால் தேடித்தேடி இளக்குவார், விலாவுக்குக் கீழே கையை வைத்து மூச்சை அங்கே வரவழைப்பார். ஆனால் அவர் கேட்டதெல்லாம் முதுகைப் பற்றி இல்லை. எத்தனை மணிக்குத் தூக்கம், உட்கார்ந்து சாப்பிடுகிறீர்களா, வெயில் பார்க்கிறீர்களா, எங்கேயாவது நடக்கிறீர்களா. நடக்காத முதுகை நான் எவ்வளவு தடவினாலும் பிரயோசனம் இல்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார். மாமியைக் கையால் இழுக்காமல், முழங்காலை மடித்து, அவருடைய நல்ல பக்கத்துக்கு வேலை கொடுத்து எழுப்புவது எப்படி என்று தானே மாமியாக உட்கார்ந்து காட்டினார்.

ஆகவே அறையைவிட்டு இறங்கியதும் நான் கண்டி வாவியைச் சுற்றி நடந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். வாவியோரத்து வாங்குகளில் குடைக்குக் கீழே காதலர்கள் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் நான் மட்டும் கையை வீசிக்கொண்டு, மூச்சை எண்ணாமல் விட்டுக்கொண்டு நடப்பேன். ஒரு நாள் சுதேஷின் சிநேகிதர் யாரோ பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார். வாவியைச் சுத்துறது எந்த வைத்தியத்துல சேர்த்தி என்று சுதேஷ் அன்று இராச் சாப்பாட்டின்போது கேட்டார். நான் முதல் தடவையாகக் கதிரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டேன்.

வலி ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். மழைக்குளிருக்கு இன்னும் வரும். ஆனால் வந்தால் போகிறது, குடியிருப்பதில்லை. நான் இராத்திரி தூங்கினேன். பல் விளக்கும்போது சுவரைப் பிடிக்கவில்லை. லீவு முடியப் போகிறது, திரும்பப் போய்விடலாம், போய் அந்த மேசையில் உட்காரலாம் என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தனியாகச் சமையலறையில் நின்று சிரித்தேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அந்தப் பிழையைச் செய்தேன்.

மாமிக்கு விழுந்துபோன பக்கத்துத் தோளில் எப்போதும் வலி. அன்று பின்னேரம் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார். எனக்கு மனசு லேசாக இருந்தது. துஷ்யந்தி எனக்குச் செய்வதுபோல அவருடைய தோள்பட்டைக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்தேன். அழுத்தவில்லை, இழுக்கவில்லை, சும்மா தாங்கிக்கொண்டு இருந்தேன். கொஞ்ச நேரத்தில் தோள் என் கைக்குள் கனத்தது. முனகல் நின்றுவிட்டது. இந்த வீட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து என் சமையலையோ கோலத்தையோ ஒரு வார்த்தை நல்லது சொல்லாத மனுஷி, "நல்லாருக்கு" என்றார்.

துஷ்யந்தியிடம் சொன்னேன். அந்தத் தோளை ஒருநாளும் இழுக்க வேண்டாம், தாங்கினால் போதும் என்று எச்சரித்தார். என் கைக்கு மேலே தன் கையை வைத்து, எவ்வளவு பாரம் போதும் என்று காட்டித் தந்தார். பிறகு கையை எடுக்காமலேயே கேட்டார்.

"நோவைக் குறைக்கிறது என்ரை வேலை. குறைஞ்ச முதுகை வைச்சு என்ன செய்யப் போறியள் எண்டது உங்கடை வேலை. எப்ப ஒபிசுக்குப் போறியள்?"

திங்கட்கிழமை என்றேன். சொல்லும்போதே பயமாக இருந்தது. லீவை இனி நீட்ட முடியாது என்று மேலதிகாரி முன்கூட்டியே சொல்லியிருந்தார். அன்று வேலைக்குத் திரும்பாவிட்டால் அந்த இடம் என்னுடையதில்லை.

அதோடு வீட்டிலும் நிலைமை வேறு மாதிரி ஆகிவிட்டிருந்தது. மாமிக்கு என் கை பழகிவிட்டது. காலையில் கை வை என்பார், பகலில் கை வை என்பார். நான் அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு ஓடிவருவேன். கலஹாவிலிருந்து ஞானம்மா என்று ஓர் அக்காவைப் பகல் நேரத்துக்கு ஏற்பாடு செய்திருந்தேன். நோயாளிகளைப் பார்த்துப் பழகியவர், பொறுமையானவர். பழகட்டும் என்று முந்தின வாரமே வரச் சொன்னேன். மாமி அவரைப் பக்கத்திலேயே அண்டவிடவில்லை. கை குளிருகிறது, ஐஸ்கட்டியை வைக்கிற மாதிரி இருக்கிறது என்றார். ஞானம்மா வெந்நீரில் கையை நனைத்துத் துடைத்துக்கொண்டு வந்தார். அப்போதும் குளிருகிறது என்றார். சுதேஷ் வாசற்படியில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. முதுகு வலித்தபோது நான் இந்த அறையில் அடைபட்டிருந்தேன், சரி. இப்போது முதுகு நன்றாகிவிட்டது, இன்னும் இறுக்கமாக அடைபட்டிருக்கிறேன். முன்பு நான் வெறும் மருமகள், எனக்குப் பதிலாக வேறு ஒருத்தியை வைக்கலாம். இப்போது என் கைக்குப் பதிலாக வேறு கை இல்லையாம். அந்தப் பாசிக் கல்லைப் பார்த்துக்கொண்டு தோளைத் தாங்கியபடி நிற்கும்போது, கையை வெடுக்கென்று உருவிவிடலாமா என்று தோன்றும். ஒருநாளும் உருவவில்லை. தோள் நோகுமே.

திங்கட்கிழமை விடிந்ததும் மாமியைத் துடைத்து, உடுப்பு மாற்றி, கஞ்சி கொடுத்தேன். நானும் குளித்து, ஒபிசுக்கு உடுத்துகிற நீலச் சேலையைக் கட்டிக்கொண்டேன். ஞானம்மா வரும் பஸ் இன்னும் வரவில்லையே என்று முன்வாசலில் எட்டிப் பார்த்தபோது, சுதேஷ் தேநீர்க் கோப்பையோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"அந்தம்மாவ வரவேணாம்னு நேத்தே சொல்லிட்டேன். அம்மாவுக்கு ஒன் கைதானே புடிக்குது? முதுகும் இப்ப நல்லாயிருச்சு. ஆபீசுக்கு நான் பேசிக்கிறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு நல்ல காரியம் செய்துவிட்டவர் மாதிரி, சிரித்த முகத்தோடு சொன்னார். என் முதுகு நன்றானது இதற்காகத்தான் என்று அவர் மனதார நம்புகிறார். அதைப் பார்த்தபோது மூச்சை மறுபடியும் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது தெரிந்தது.

உள்ளேயிருந்து மாமி கூப்பிட்டார். கை வை.

போனேன். என்ன செய்வது, கால் பழகிவிட்டதே. மாமி சுவர்ப்பக்கம் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். சேலையைச் செருகிக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்து தோளைத் தாங்கினேன். வழக்கம்போலத் தோள் கைக்குள் கனத்தது. சுதேஷ் வாசற்படிக்கு வந்து, பார்த்தாயா என்பதுபோல நின்றார். அவருக்குத் திருப்தி.

நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் அது பெருமைக்குச் சொல்வது. ஒன்றும் யோசிக்கவில்லை. இடது கையால் அவரை உள்ளே வரச்சொல்லிச் சைகை காட்டினேன். தலையணையைச் சரிசெய்யக் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருப்பார், கோப்பையை நிலையோரம் வைத்துவிட்டு வந்தார். அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன். அவர் பின்னுக்கு இழுத்தார். நான் விடவில்லை. அந்த உள்ளங்கையைக் கொண்டுபோய் மாமியின் தோளுக்குப் பின்னால், என் கை இருந்த இடத்தில் வைத்தேன். மேலே என் கையை வைத்து, எவ்வளவு பாரம் என்று காட்டினேன். தேநீர்க் கோப்பையைப் பிடித்திருந்த கை, நல்ல சூடாக இருந்தது. பிறகு என் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டேன்.

மாமி நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். கண்ணைத் திறக்கவில்லை.

"நீ போயிருவேன்னு தெரியும்" என்று குழறிக் குழறிச் சொன்னார். "அதுக்குத்தான் அந்தப் பொம்பள கை குளிருதுன்னேன். குளிரல. சும்மா சொன்னேன்."

தோளில் இருப்பது என் கை என்றே நினைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"நீயும் போயிட்டா என்னைத் தொட ஆளு இல்ல, கிருஷாந்தி. சுதேஷ் தொடமாட்டான். நான் நாறுறேன் போல, வாசல்லயே நின்னுட்டுப் போயிருவான். அவன ஒண்ணும் சொல்லிறாத. ஆம்பளப் புள்ள."

சுதேஷின் முகத்தை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். கையை எடுத்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும், வாயைத் திறந்தாலும் தெரிந்துவிடும். குனிந்த நிலையில், பாதி உட்கார்ந்தும் உட்காராமலும், கண்ணெல்லாம் நிறைந்து நின்றார். இவ்வளவு காலமும் நான் குனிந்து நின்ற அதே இடம். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. மாமியின்மேல் அதைவிட அதிகமாக வந்தது. பொய் சொன்னதற்காகக் கோபப்பட வேண்டிய நான், அந்தத் தலையைத் தடவிக் கொடுக்கத்தான் ஆசைப்பட்டேன். தடவினால் இன்றைக்கும் இங்கேதான் என்பது எனக்குத் தெரியும். கையைச் சேலைக்குள் சுற்றிக்கொண்டு எழும்பினேன்.

சத்தமில்லாமல் பையை எடுத்தேன். வாசலில் நின்று ஞானம்மாவுக்குத் தொலைபேசியில் கோல் எடுத்து, தயவுசெய்து வந்துவிடுங்கள், மாமி ஒன்றும் சொல்லமாட்டார் என்றேன். அடுத்த பஸ்ஸில் ஏறுகிறேன், கொஞ்சம் பிந்தும் என்றார். பிந்தட்டும், வீட்டில் ஆள் இருக்கிறது என்றேன்.

செருப்பைப் போடும்போது உள்ளேயிருந்து மாமியின் குரல் கேட்டது.

"ஏன் ஒண்ணும் பேசமாட்டேங்கற?"

அறை வாசல் வழியாக சுதேஷ் என்னைப் பார்த்தார். இத்தனை வருடமும் அவருக்காக அம்மாவிடம் பதில் சொல்லிவந்தவள் நான்தான். கடையில் வேலையாம் மாமி, இப்ப வந்திருவாராம் மாமி, சாப்பிட்டீங்களான்னு கேட்டாரு மாமி. அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை.

படியில் பாதி இறங்கியபோது, "நான்தாம்மா" என்று அவர் சொன்னது கேட்டது. அதற்கு மாமி என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கேட்கக்கூடாது என்றுதான் வேகமாக இறங்கினேன். நின்று கேட்டிருந்தால் திரும்பி ஏறியிருப்பேன், எனக்கு என்னைத் தெரியும்.